வாரின் முழு நீளம்

கத்தியின் முதுகு முன்னால் போக வேண்டும், வாய் பின்னால் வர வேண்டும். அவ்வளவுதான். இதில் தெரியாமல் போக என்ன இருக்கிறது. ஜன்னல் கம்பியில் கொக்கி போட்டுத் தோல்வாரை மாட்டியிருக்கிறேன், மறுமுனையை இடது கை இழுத்துப் பிடித்திருக்கிறது, தொய்யக் கூடாது, தொய்ந்தால் கத்தி வாய் தோலுக்குள் அமுங்கி மழுங்கிவிடும். செல்போனில் வரும் அந்த வெள்ளைக்காரன் அதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறான். அவன் பேசுவது எனக்குப் புரியாது, கையைப் பார்த்தால் புரியும். கத்தியைப் படுக்க வைக்கிறான், முதுகும் வாயும் சேர்ந்து தோலைத் தொடுகின்றன, அழுத்துவதே இல்லை, கத்தியின் கனம் போதும் என்பது மாதிரி விரலை விரித்துக் காட்டுகிறான், அப்படியே கடைசி வரை ஓட்டிக்கொண்டு போய், அங்கே முதுகின் மேலேயே ஒரு புரட்டு, வாய் மேலே எழும்பி அந்தப் பக்கம் சாய்கிறது, திரும்பி வருகிறது. சளக், சளக், சளக். எனக்கு அப்படிச் சத்தம் வருவதில்லை. சளக், அப்புறம் ஒன்றுமில்லை, அப்புறம் சர்ர் என்று ஒரு இழுவை. சவரக்கத்தி நல்ல கத்தி. பொள்ளாச்சிச் சந்தையில் பழைய இரும்புச் சாமான்களுக்கு நடுவில் கிடந்தது, யாரோ மண்ணெண்ணெயில் ஊறப் போட்டுத் துரு எடுத்து வைத்திருந்தான். பிளேடு போட்டுச் சிரைத்தால் கழுத்தெல்லாம் பொரிந்துபோகிற தோல் எனக்கு, இந்தக் கத்தி வந்த பிறகு பொரியவில்லை. அன்றிலிருந்து இதுதான். மலையிலிருந்து பஸ் இறக்கப் போகிற டிரைவர் மழமழவென்று சிரைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தால் ஏறுகிறவனுக்கு ஒரு தைரியம் வரும், தாடியும் தூக்கமுமாக உட்கார்ந்திருப்பவனை நம்பி யார் ஏறுவார்கள். முகத்தில் சோப்பு நுரை போட்டாகிவிட்டது. ஊற வேண்டும். அதற்குள் தீட்டி முடிக்க வேண்டும். முதுகு முன்னால், வாய் பின்னால்.

சில மாதமாகத்தான் இந்தக் கத்தி முடியைப் பிடுங்குகிறது. தாடையில் வைத்ததும் வெட்டாமல் இழுக்கிறது, கண்ணில் தண்ணீர் வருகிறது. முதலில் சோப்பு சரியில்லை என்று நினைத்தேன், சோப்பை மாற்றினேன். தண்ணீர் சூடு போதவில்லை என்று நினைத்தேன். பிறகுதான் தீட்டுவதில் கோளாறு என்று தோன்றியது. தோல்வார் பழசாகிவிட்டது, வறண்டுவிட்டது, எண்ணெய் தேய்த்துப் பார்த்தேன், பிறகு புது வாரே வாங்கிவிட்டேன். புதுத் தோல் என்றால் ஒரு வாடை அடிக்குமே, செருப்புக்கடை வாசலில் அடிக்கிற வாடை, இதில் அது இல்லவே இல்லை. ஏமாற்றிவிட்டான், ரெக்சினைக் கொடுத்துவிட்டான் என்று என் வீட்டுக்காரி தனபாக்கியத்திடம் காட்டிச் சத்தம் போட்டேன். அவள் வாரை வாங்கி மோந்து பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "தோலுதானுங்க, நல்ல தோலு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சமையற்கட்டுக்குள் போய்விட்டாள். அப்போது எனக்குக் கோபம் வந்தது. காபியிலும் அப்படித்தான், தூள் குறைச்சலாகப் போடுகிறாள் என்று தினம் ஒரு சண்டை. தூளில் குறைச்சல் இல்லை. அதைப் போன மாதமே தெரிந்துகொண்டேன். அடிவாரம் நெருங்கும்போது பின்னாலிருந்து ஒரு அம்மாள், டிரைவர் ஏதோ கருகுது, ஏதோ தீயற வாடை அடிக்குது என்று கத்தினாள், வண்டி முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டது. பிரேக் லைனர் கொதித்துப் போயிருக்கிறது. இத்தனை வருஷத்தில் அந்த வாடையை வண்டியில் முதல் ஆளாக மோந்து பிடிப்பவன் நான். அன்றைக்கு எனக்கு ஒன்றும் அடிக்கவில்லை. தோலின் வாடை, காபியின் வாடை, லைனரின் வாடை. எதுவுமே இல்லை. சளி என்று சொல்லிக்கொண்டேன். மலைக்குளிருக்குச் சளி பிடிக்காமல் இருக்குமா. இப்போது அதையெல்லாம் நினைக்கக் கூடாது. சளக். மெதுவாகப் போ. வேகம் முக்கியமில்லை, அவன் முதல் வீடியோவில் எவ்வளவு மெதுவாகச் செய்கிறான், வேகம் தானாக வரும் என்கிற மாதிரி தலையாட்டுகிறான். எனக்கு வேகம் இருந்தது. போய்விட்டது. தானாக வந்தது தானாகப் போகுமா.

ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம், எதிர் வீட்டு விளக்கு மஞ்சள் கறையாகத் தெரிகிறது. இந்தக் குளியலறையில் நின்றால் சுவர் நாலு பக்கமும் தோளில் இடிக்கும், வாரை இழுத்துப் பிடித்தால் முழங்கை கதவில் முட்டும். அதனால்தான் சரியாக வரவில்லையோ, இடம் போதாமல்தான் கை சுருங்கிக்கொள்கிறதோ. ஆனால் இதே அறையில்தானே இத்தனை காலம் தீட்டினேன். வண்டியில் இடம் தாராளம். அங்கே ஸ்டீயரிங் என் நெஞ்சளவுக்கு விரிந்திருக்கிறது. அங்கேயும்தான் சரியாக வரவில்லை. இல்லை, அது காட்டெருமை. காட்டெருமை வரவில்லை. போன வாரம் அந்தப் பெரிய கொண்டை ஊசி வளைவில் ஒன்றுமே குறுக்கே வரவில்லை, மூட்டம்கூட இல்லை, வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நான் ஸ்டீயரிங்கை ஒடித்தேன். முழுக்க ஒடித்தேன் என்றுதான் என் கை சொல்லியது, எப்போதும் போலத்தான் ஒடித்தேன், வண்டி மட்டும் வரவில்லை, மூக்கு நேராகப் போய்க்கொண்டே இருந்தது, முன் கண்ணாடியில் ரோடு இல்லை, மரத்தின் உச்சிகள் மட்டும் தெரிந்தன. "ஒடிங்கண்ணே! முழுசா ஒடிங்க!" ஜெபமணி கத்தினான். என் கண்டக்டர், எஸ்டேட்டிலேயே பிறந்து வளர்ந்தவன், சத்தமாகப் பேசி நான் கேட்டதே கிடையாது. பிரேக்கில் ஏறி நின்றேன். இடது கையையும் சேர்த்துப் போட்டு இழுத்தேன். பம்பர் தடுப்புச் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றது, சுவரின் வெள்ளைச் சுண்ணாம்பு பம்பரில் ஒட்டியிருந்தது. குழந்தைகள் அழுதன. யாரோ சாமி பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். "காட்டெருமைங்க, கன்னுக்குட்டியோட சடார்னு வந்துருச்சு, அண்ணன் இல்லேன்னா நாம கீழதான்" என்று ஜெபமணி வண்டி முழுக்கச் சொல்லிக்கொண்டே போனான். ஒரு பெரியவர் எழுந்து வந்து எனக்குக் கும்பிடு போட்டார். எனக்கு! வலது கை தொடைமேல் கிடந்து தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது, துண்டை எடுத்து அதன்மேல் போட்டேன். டெப்போவில் இறங்கும்போது ஜெபமணி என்னைப் பார்க்கவில்லை, அரிசிப் பையைக் கட்டுகிற மாதிரி டிக்கெட் பையைச் சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டே இருந்தான். மறுநாளிலிருந்து வளைவு வந்தால் அவன் பின்னால் நிற்பதில்லை. டிக்கெட் கிழிப்பதை விட்டுவிட்டு முன்னால் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பாட்டு முணுமுணுப்பதைப் போல, "இன்னுங் கொஞ்சம்ணே, இன்னுங் கொஞ்சம்" என்கிறான். எனக்கா சொல்லித் தருகிறாய் என்று நேற்று சீறினேன். "சரிண்ணே" என்றான். அடுத்த வளைவில் மறுபடியும், இன்னுங் கொஞ்சம்ணே.

சொல்லிவிடலாம். யாரிடம் சொல்வது. கண்ட்ரோலர் பால்வண்ணனிடம் போய் என்னவென்று சொல்வேன், கை சரியில்லை என்றா? கையைக் காட்டு என்பார், காட்டினால் நல்ல கை, தூக்கினால் தூக்குகிறது, பிடித்தால் பிடிக்கிறது. சும்மா வைத்திருந்தால்தான் ஆடும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பீடி உருட்டுகிற மாதிரி ஒன்றையொன்று தேய்க்கும். வேலை கொடுத்தால் நின்றுவிடும், அதனால்தான் அது நோயில்லை என்று நினைத்துக்கொண்டேன், வேலை இருக்கும் வரைக்கும் ஒன்றுமில்லை என்று. டியூட்டி ஏறும்போது போடுகிற கையெழுத்தைப் பார்த்து அவரே சிரித்தார், என்ன சென்னியப்பா, மை மிச்சம் பண்றியா, எறும்பு ஊர்ற மாதிரி போடுற என்றார். நானும் சிரித்தேன். முகம் சிரித்ததா என்று தெரியவில்லை. மகள் கோமதி வீடியோ காலில் வரும்போதெல்லாம் கேட்கிறாள், ஏம்ப்பா கோவமா இருக்கீங்க, மூஞ்சிய ஏன் அப்படி வெச்சிருக்கீங்க. நான் கோபமாக இல்லை, கண்ணு. டிரைவர் மயில்சாமிக்குக் கண்ணில் ஏதோ வந்து ஸ்டீயரிங்கை விட்டு இறக்கினார்கள். இப்போது பஸ் ஸ்டாண்டில் விசில் ஊதிக்கொண்டு வண்டிகளைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கொண்டிருக்கிறான், நேற்று வேலைக்கு வந்த பையன்கள் யோவ் தள்ளு என்கிறார்கள். இந்த மலையில் அவனைப் போல் வண்டி ஓட்டினவன் கிடையாது. அவனைப் பார்த்தால் நான் வேறு பக்கம் நடக்கிறேன். இந்த ஆனைக்குழி ரோட்டில் மேலேயிருந்து கிளம்பிவிட்டால் நடுவில் திருப்புவதற்கு இடமே இல்லை, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம், தப்பாகக் கிளம்பிவிட்டோம் என்று தெரிந்தாலும் அடிவாரம் வரை இறக்கித்தான் ஆக வேண்டும். அப்படித்தான் நானும் போய்க்கொண்டிருக்கிறேன். ஓய்வு வரும் வரைக்கும், எப்படியாவது. மற்றவர்கள் இதற்கு டாக்டரிடம் போவார்கள், இல்லையென்றால் செல்போனிலாவது தேடிப் பார்ப்பார்கள், கை ஆடினால் என்ன, வாடை போனால் என்ன என்று. நான் தேடவில்லை. கத்தி தீட்டுவது எப்படி என்று மட்டும் தேடினேன். எத்தனை வீடியோ. எல்லாவற்றிலும் ஒரே விஷயம்தான். முதுகு முன்னால். அழுத்தாதே. முதுகின் மேலேயே புரட்டு. வாரின் முழு நீளமும் போ.

முழு நீளமும் போகிறேனே. கொக்கி வரைக்கும் போய்த்தானே திரும்புகிறேன். என்னவோ பளபளக்கிறதே என்று பார்க்கிறேன், பல்பு வெளிச்சம் வாரின்மேல் விழுந்திருக்கிறது, நடுவில் ஒரு சாண் நீளத்துக்குத் தோல் கறுத்து எண்ணெய் தடவினது போல மின்னுகிறது. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வாங்கின அன்றைக்கு இருந்த அதே வெளிர் நிறம். விரலால் தடவிப் பார்க்கிறேன். கொக்கிப் பக்கம் சொரசொரப்பு, கைப்பிடிப் பக்கம் சொரசொரப்பு, நடுவில் மட்டும் வழவழப்பு. இது எப்படி. நான் கடைசி வரைக்கும் போகிறேன், இப்போதும் போனேன், கொக்கியின் அருகில் திரும்பினேன், என் கைக்குத் தெரியும். மறுபடியும் ஓட்டுகிறேன், இந்தத் தடவை கையை நம்பாமல் கண்ணால் பார்த்துக்கொண்டு. கத்தி கிளம்புகிறது, போகிறது, நடுவிலேயே நின்று புரள்கிறது. கொக்கிக்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கிறது. கையோ, வந்துவிட்டோம் என்கிறது. இதுதான் கடைசி, இதற்கு மேல் வார் இல்லை என்று அடித்துச் சொல்கிறது. மாதக்கணக்காக நான் பாதித் தூரம் ஓட்டிவிட்டு முழுத் தூரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்படியென்றால் ஸ்டீயரிங்? அப்படியென்றால் ஒவ்வொரு வளைவிலும்? நான் முழுக்க ஒடித்ததாக நினைத்ததெல்லாம்? ஜெபமணிக்குத் தெரியும். அவன் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான், இன்னுங் கொஞ்சம்ணே என்று என் கைக்குத் தெரியாத மிச்சத்தை வாயால் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறான். இல்லை, சரி செய்துவிடலாம், கவனித்துச் செய்தால் வரும், கண்ணால் பார்த்துக்கொண்டே செய்தால் வரும். போ. கொக்கி வரைக்கும் போ. தள்ளுகிறேன், தோள்பட்டையிலிருந்து தள்ளுகிறேன், கத்தி போகிறது, வெளிர்த் தோலில் ஏறுகிறது, கொக்கியைத் தொடுகிறது, பார்த்தாயா, வந்துவிட்டது, இப்போது புரட்டு. புரட்டு என்கிறேன். மணிக்கட்டு கேட்கவில்லை. சேற்றில் இறங்கின சக்கரத்தைப் போல அங்கேயே நிற்கிறது. நான் இழுக்கிறேன், கத்தி முதுகின் மேல் புரளாமல் வாயின் மேல் புரண்டு, தோலுக்குள் இறங்கி, பழத்தை நறுக்குகிற மாதிரி சத்தமே இல்லாமல் வார் குறுக்கே அறுந்து தொங்குகிறது.

"ஏனுங்க" என்று கதவுக்கு வெளியே தனபாக்கியத்தின் குரல். "ஏனுங்க, சத்தத்தையே காணோம்?" தொங்குகிற தோலையும் கத்தியையும் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வெட்டுப்படவில்லை, ரத்தம் இல்லை, முகத்தில் நுரை காய்ந்து தோலை இழுத்துப் பிடிக்கிறது. ஒன்றுமில்லை என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், தினமும் சொல்வதுதான், இன்றைக்கு அது வரவில்லை. தாழ்ப்பாளைத் திறந்தேன். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, தலை சீவி, செருப்புக்கூட மாட்டிக்கொண்டு நிற்கிறாள், கையில் துணிப்பை. இன்றைக்கும் கீழே வருகிறாளா? இந்த ஒரு மாதமாக இவளுக்கு என்னவோ ஆகியிருக்கிறது. அக்காவுக்கு முட்டிவலி என்றாள், அப்புறம் பிளவுஸ் தைக்கக் கொடுக்கணும் என்றாள், அப்புறம் மாரியம்மனுக்கு வேண்டுதல் என்றாள். என் வண்டியிலேயே ஏறி முன் சீட்டில் உட்கார்ந்து, கீழே போய்விட்டு, என் வண்டியிலேயே திரும்பி வருகிறாள். இந்த வயதில் ஊர் சுற்றுகிற ஆசை வந்துவிட்டதா என்று நான் கேலிகூடச் செய்திருக்கிறேன். அவள் உள்ளே எட்டி, தொங்குகிற வாரைப் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. என் கையிலிருந்து கத்தியை மெல்ல வாங்கி, மடக்கி, அலமாரியில் வைத்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"என்னதுங்க?"

"தனம். உனக்குத் தெரியுமான்னு கேக்கறேன்."

அவள் பையின் காதைத் திருகிக்கொண்டு நின்றாள். "நடக்கறப்ப அந்தக் கை வீசறதில்லீங்க. சட்டைப் பொத்தான் போட அத்தனை நேரம் ஆகுது. சும்மா உக்காந்திருக்கறப்ப வெரலு…" தொங்குகிற வாரைக் காட்டினாள். "அன்னிக்கு வாரைக் காட்டி வாடையே இல்லேன்னீங்கல்ல. எனக்கு அன்னிக்கே பகீர்னுச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வண்டியை விட்டுருவீங்க. விட்டுட்டா நீங்க என்ன ஆவீங்கன்னு பயமா இருந்துச்சு. சொல்லாட்டி…" பையின் காதை விட்டாள். "சொல்லாட்டி வண்டி உருண்டுருமோன்னு பயமா இருந்துச்சுங்க. அதுதான் கூட வந்தேன். போனா ரெண்டு பேருமாப் போயிரலாம்னு. நீங்க போனப்புறம் நான் மட்டும் இங்க உக்காந்துட்டு என்ன பண்றது."

அக்காவின் முட்டி, பிளவுஸ், மாரியம்மன். முன் சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் இவள் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறாள், நான் கண்ணாடியில் பார்த்து, தூக்கக் கலக்கம் போல என்று நினைத்திருக்கிறேன். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருக்கிறது, கன்னத்தில் அறைய வேண்டும் போலவும் இருக்கிறது. பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள்? அந்தக் குழந்தைகள்? கும்பிட்ட பெரியவர்? அவர்களில் யாரும் சேர்ந்து போகலாம் என்று சம்மதித்து ஏறவில்லையே. இவளைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை. நான் கத்தியைத் தீட்டிக்கொண்டு இல்லையா இருந்தேன்.

செல்போனை எடுத்தேன். இடது கையால் எடுத்தேன். பால்வண்ணன் உடனே எடுத்தார், பின்னால் வண்டிகள் உறுமுகிற சத்தம். "என்னப்பா, கிளம்பிட்டியா? ஸ்டாண்டுல கூட்டம் நிக்குது, இன்னிக்கு முகூர்த்தம்."

"சார், நான் வண்டி எடுக்கலீங்க."

"காய்ச்சலா? முன்னாடியே சொல்ல மாட்டியா? வேற டிரைவர் யாரும் இல்லப்பா. ஒரே ஒரு நடை எறக்கிக் குடுத்துரு, கீழ இருந்து ஆள் மாத்திக்கலாம். மாத்திரை போட்டுட்டு மெதுவா எறக்கு."

ஒரே ஒரு நடை. என் மனசு தாவி அதைப் பிடித்தது, கேவலமாக, பசித்தவன் போல. ஜெபமணி முன்னால் நின்று சொல்வான். கண்ணால் பார்த்துக்கொண்டே ஒடிக்கலாம், முழு வட்டமும் வருகிறதா என்று கையையே பார்த்துக்கொண்டு. கையைப் பார்த்தால் ரோட்டை யார் பார்ப்பது. தனபாக்கியம் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். செருப்புப் போட்ட கால், நான் சரி என்றால் கிளம்பிவிடும்.

"இல்லீங்க சார். காய்ச்சல் இல்ல. என்ற கை வரமாட்டேங்குது. திருப்புனா பாதியில நின்னுக்குது, எனக்கே தெரியறதில்ல. போன வாரம் காட்டெருமை ஒண்ணும் வரலீங்க. நாந்தான்."

அந்தப் பக்கம் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. "நீ என்ன சொல்றேன்னு தெரிஞ்சுதான் சொல்றியா, சென்னியப்பா?" இதுவரை என்னிடம் பேசாத ஒரு குரலில் கேட்டார். "இதைச் சொன்னா அப்புறம் உன்ன மறுபடி உக்கார வெக்க முடியாதுப்பா."

"தெரியுமுங்க."

"அப்ப வண்டிய யாரு எடுக்கறது?"

"தெரியலீங்க. நான் இல்ல."

வைத்துவிட்டார். வலது கை தானாக ஆடியது, ஆடட்டும் என்று மறைக்காமல் விட்டேன். தனபாக்கியம் நடையிலேயே சுவரில் சாய்ந்து, ஸ்வெட்டரும் செருப்புமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா என்று குனிந்து பார்த்தேன், அழவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள், மேட்டில் ஓடி வந்தவள் போல. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். லேசாக இருக்கும் என்று நினைத்தேன். சொல்லிவிட்டால் இந்த நாலு சுவரும் விலகிக்கொள்ளும் என்று. விலகவில்லை. கூப்பிடு தூரத்து ஸ்டாண்டில் யாரோ என் வண்டியை ஸ்டார்ட் செய்தார்கள். அதன் சத்தம் எனக்குத் தெரியும், குளிருக்கு முதலில் இருமும், பிறகுதான் பிடிக்கும். ஃபாரூக்காக இருக்கும், நேற்று கடைசி வண்டியை ஓட்டி வந்தவன், தூக்கத்திலிருந்து எழுப்பியிருப்பார்கள். வண்டி மார்க்கெட்டைத் தாண்டியது. டீ பேக்டரி இறக்கத்தில் மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு இறக்க வேண்டும், இறக்கவில்லை, இன்னும் இறக்கவில்லை, என் கால் வெறும் சிமெண்டுத் தரையை அழுத்தியது, இறக்குடா, இதோ இறக்கிவிட்டான். சத்தம் மலைக்குப் பின்னால் போய் அடங்கிற்று.

"டாக்டரைப் பாக்கக் கீழதானுங்களே போகோணும்" என்றாள்.

"ம்."

"அடுத்த வண்டிக்கே போயிரலாமுங்களா?"

இந்த ரோட்டில் நான் டிக்கெட் எடுத்து உட்கார்ந்து போனதே இல்லை. எத்தனை வளைவு. எவனோ ஒருத்தன் ஒடிப்பான், நான் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், கையை மடியில் வைத்துக்கொண்டு.

"போலாம்" என்றேன். "பின்னாடி உக்காந்துக்கலாம் தனம். ரோடு தெரியாத எடமாப் பாத்து."